ஃப்ரிட்ஜ் கதவில் நாலு நிறம்

எங்கள் வார்டில் ஒரே நேரத்தில் பத்துப் பேரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நாங்கள் பதற மாட்டோம். ஆளுக்கு ஒரு நிறம். சிவப்பு என்றால் முதலில் ஓடு. மஞ்சள் என்றால் ஒரு கண் வை. பச்சை என்றால் உட்காரட்டும். கறுப்பு என்றால் நம்மால் ஆகாது, அடுத்த ஆளைப் பார். இருபது வருடம் அவசரப் பிரிவில் நர்ஸாகக் குப்பை கொட்டியவளுக்கு, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் வேறு மூளையா முளைக்கும்?

புது சோபா வந்ததைச் சாக்கு வைத்து ஞாயிறு மதியம் சிலரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சோபாவெல்லாம் சும்மா. உண்மையில் கூப்பிட்டது அக்காவை. இரண்டு வருடமாக அவள் என் வாசலை மிதிக்கவில்லை. போன தடவை இதே வீட்டில், அத்தனை பேர் நடுவில், சித்தப்பா அவளைப் பார்த்து, "விவாகரத்துன்னா, தப்பு யார் மேலம்மா?" என்று கேட்டார். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். இந்தத் தடவையும் அப்படிப் போனால், அப்புறம் நான் காலில் விழுந்தாலும் வர மாட்டாள்.

ஆகவே பட்டியல் போட்டேன். கீழ்வீட்டுக்காரர்: வந்தால் எழுந்து போகவே தெரியாதவர், மஞ்சள். என் வீட்டுக்காரரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஐந்து முறை தேர்வில் கோட்டைவிட்ட மாணவி: லைசென்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் அழுவாள், அவளும் மஞ்சள். அவளுடைய கணவன்: சோறு போட்டால் போதும், பச்சை. அக்கா: சிவப்பு. சித்தப்பாவை நான் கூப்பிடவில்லை. ஆனால் மோப்பம் பிடித்து வருகிற மனிதர் என்பதால் முன்ஜாக்கிரதையாகக் கறுப்பு. பட்டியலை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒட்டினேன். ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கம். அதுவும் வருகிறவர்கள் எல்லாம் சில்லென்று தண்ணீர் தேடுகிற கொளுத்தும் வெயிலில். என் புத்திசாலித்தனத்துக்கு ஒரு மாலையே போடலாம்.

முதல் ஒரு மணி நேரம் பிசகில்லாமல் போனது. கீழ்வீட்டுக்காரரை வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்தேன். அனுப்புகிற வேலையில் பாதி அங்கேயே முடிந்தது. மாணவியிடம் கேரட்டும் கத்தியும் கொடுத்தேன். கையில் கத்தி வைத்திருப்பவளிடம் யாரும் லைசென்ஸ் பற்றிக் கேட்பதில்லை. அக்கா வந்தாள். புது சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. எந்த நிமிடமும் எழுந்து போகத் தயார் என்று அந்தப் பை சொன்னது.

அழைப்புமணி அடித்தது. சித்தப்பாவேதான்.

அவர் ஓய்வுபெற்ற கட்டட ஆய்வாளர். உள்ளே வந்ததும் சுவரை விரல் முட்டியால் தட்டினார். "உள்ளே ஈரம் இருக்கு" என்றார். மனிதர்களையும் அப்படித்தான் தட்டித் தட்டிப் பார்ப்பார். அவரைக் கண்டதும் என் வீட்டுக்காரரின் வலது கால் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூலில் பாடம் சொல்லித்தருகிற மனிதர், பேச்சு ஆபத்தான பக்கம் திரும்பினாலே இல்லாத பிரேக்கை மிதிப்பார். வண்டி ஒருநாளும் நின்றதில்லை.

"குடிக்கச் சில்லுன்னு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். நான் சோபாவைச் சுற்றி ஓடி வருவதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார்.

"இதென்ன, பேருக்குப் பக்கத்துல கலர் கலரா? அக்கா, சிவப்பு. சித்தப்பா, கறுப்பு."

"அது வந்து... யாருக்கு எந்தக் கலர் டம்ளர்னு, மாமா" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் இருக்கிற எல்லா டம்ளருமே எவர்சில்வர்.

அக்கா எழுந்து வந்து பட்டியலைப் படித்தாள். பை இன்னும் தோளிலேயே இருந்தது.

"சிவப்புன்னா என்னடி? நான் ஆபத்தான ஆளா?"

"இல்லக்கா. எங்க வார்டுல சிவப்புன்னா, முதல்ல ஓடிப்போய்ப் பார்க்கவேண்டியவங்க."

"அப்போ போன தடவை ஏன்டி ஓடி வரல?"

நாலு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"பயந்துட்டேன்க்கா. எல்லாரும் பார்த்தாங்க, என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சுத் தொலைச்சேன். தப்பு என்னோடதுதான்."

கீழ்வீட்டுக்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தானாக எழுந்து, "அப்போ நான் கிளம்பட்டுமா?" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். நான் அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதிலே வரலியேம்மா. தப்பு யார்..."

என் வீட்டுக்காரரின் கால் தரையை மிதித்தது. நான் ஓடினேன். சித்தப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"சித்தப்பா, கறுப்புன்னா என்னன்னு நீங்க கேக்கவே இல்லியே. இனி தேறாதுன்னு கைவிட்ட கேஸ். அக்காகிட்ட அந்தக் கேள்விய இன்னொரு தடவை கேட்டீங்கன்னா, இந்த வீட்டுல உங்களுக்குத் தண்ணிகூடக் கிடையாது. வாய மூடிக்கிட்டு உக்காந்தா, கோழி இருக்கு."

யாரும் தட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். மாணவி கேரட்டைக் கீழே போட்டாள். சித்தப்பா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"லெக் பீஸ் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். நான் பட்டியல் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்த கலர் பேனாக்களில் மஞ்சளைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மஞ்சளா மாத்து. பச்சைக்கெல்லாம் இன்னும் நாளாகும்."

"ஆகட்டும்க்கா" என்றேன். "நீ வந்துக்கிட்டே இரு."