பொறுத்துப் பார்ப்போம்

கால் டாக்ஸி ஆபீசில் அவளுக்கு 'ரெண்டு நிமிஷம் அக்கா' என்று பெயர். டிரைவர்கள் வைத்த பெயர். வைத்ததில் தப்பே இல்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வண்டி எங்கே என்று கத்துகிறவர்களிடமெல்லாம் அவள் தேனொழுகச் சொல்வது அதைத்தான்: கொஞ்சம் பொறுங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடும். வண்டி அப்போது கிளம்பியே இருக்காது. டிரைவர் எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆக, ஒருவர் 'பொறுங்க' என்றால் அதற்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

அவளிடம் போய் டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

ஆபீசில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரு பரிசோதனை முகாமுக்குப் போய்வந்தார்கள். அதன்பிறகு இவளை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். கர்ப்பப்பை வாயில் ஒரு வைரஸ் இருக்கிறது, புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய வகை, ஆனால் இப்போது புற்றுநோய் இல்லை, செல்களும் கெடவில்லை என்று டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். 'புற்றுநோய்' என்ற சொல் விழுந்ததுமே இவளுக்குக் காது அடைத்துவிட்டது. மருந்து என்ன என்று மட்டும் கேட்டாள்.

"மருந்து எதுவும் வேண்டாம்மா. உங்க உடம்பே சரி பண்ணிடும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்."

கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். மருந்து கிடையாது, பொறுக்க வேண்டும். வண்டியே கிளம்பவில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல அவளாலும் முடியாது.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கணவர் நல்ல மனுஷன், ஆனால் இவளுக்குத் தலைவலி என்றாலே கையைப் பிசைகிற ரகம். அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அடுப்பு பற்றவைப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். வெங்காயத்தோடு விரலையும் நறுக்கிக்கொண்டார். அடுத்து நாத்தனாரை வரச்சொன்னாள். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அவளை உட்காரவைத்து, இத்தனை வருஷம் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லி, அவள் வெகுநாளாகக் கண் வைத்திருந்த முத்துத் தோட்டையும் கழற்றிக் கொடுத்தாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். நாத்தனாருக்கு வீடு வாங்கி விற்றுத் தரும் புரோக்கர் வேலை. சுவரில் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால், உள்ளே ஓதம் ஏறியிருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். தோட்டை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணி, நீங்க என்கிட்ட இவ்வளவு நல்லா பேசினா எனக்குப் பயமா இருக்கு. உடம்புக்கு என்ன?"

அவ்வளவுதான், உடைந்து அழுதாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இது உடலுறவில் தொற்றுவது என்று தெரிந்தால் உன் அண்ணன் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதையும் சேர்த்துத்தான். டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று நாத்தனார் மறுநாளே அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அலுத்துக்கொள்ளவில்லை. இந்த வைரஸ் கமுக்கமானது என்றார். ரத்தத்தில் இறங்காது, செல்லைக் கொல்லாது, காய்ச்சல்கூட வராது. அதனால் உள்ளே ஆள் புகுந்திருப்பது உடம்பின் எதிர்ப்பு சக்திக்கே தாமதமாகத்தான் தெரியவரும். தெரிந்துவிட்டால் பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருஷத்தில் துடைத்துப் போட்டுவிடும். சிலருக்குத்தான் எதிர்ப்பு சக்தி கோட்டைவிடும். அப்போது வைரஸ் பல வருஷம் தங்கி செல்லைக் கெடுக்கும். அதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, கல்யாணமான புதிதிலேயே வந்திருக்கலாம், இதில் யாருடைய நடத்தையையும் இழுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

"பொறுத்துப் பார்ப்போம்னு சொன்னேன். நீங்க பொறுக்கிறதை மட்டும் காதுல வாங்கிட்டுப் போயிட்டீங்க. பார்ப்போம்னும் சொன்னேனேம்மா. அடுத்த வருஷம் வந்து கட்டாயம் பார்க்கணும்."

அவள் தொழிலில் அந்த இரண்டாவது வார்த்தையே கிடையாது. அதனால்தான் காதில் விழவில்லை.

கணவரிடம் சொன்னாள். அவர் வழக்கம்போலக் கையைப் பிசைந்தார். சந்தேகமாக ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. புகை எதிர்ப்பு சக்திக்கு ஆகாது என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து வீட்டில் சிகரெட் பிடிப்பதை நிறுத்தினார். அந்த வருஷம் சுலபமாகப் போகவில்லை. பல நாள் பயந்தாள். போன் அடிக்காத நேரங்களில் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற எதிர்ப்பு சக்தியிடம், டிரைவரைக் கேட்பது போலவே கேட்பாள்: எங்க இருக்கீங்க, கிளம்பிட்டீங்களா? பதில் சொல்ல ஒரு வலிகூட வராது. அந்த அமைதிதான் அவளைக் கொன்றது.

வருஷம் திரும்பியது. மறுபடி பரிசோதனை எடுத்து, முடிவு வாங்குகிற நாளில் நாத்தனாரும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வைரஸ் இல்லம்மா. உங்க உடம்பு வேலையை முடிச்சிடுச்சு."

போனில் ஊரைச் சமாளித்துக்கொண்டிருந்த நேரத்திலும், குளிக்கும்போதும், சண்டை போடும்போதும், அழும்போதும்கூட அவள் உடம்பு சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. நம்பாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தன் உடம்பின்மேல் அவளுக்கு முதல்தடவையாகப் பாசம் பொங்கியது. இனியும் அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்குத் தாராளமாகத் தலையாட்டினாள்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் கேலி எதுவும் பண்ணவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் இந்த டெஸ்ட்டை எடுத்ததே இல்ல. உங்களை இழுத்துட்டு வந்தேனே தவிர, எனக்கும் பயம்தான்."

இவள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனாரின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போய்ப் பேரைக் கொடு. நீ வெளியே வர்ற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்."