ரொட்டிக்குப் பூசிய பச்சை

என் அண்ணன் மகளுக்கு வீட்டில் பெயர் நோண்டி. எட்டு வயது. எதையும் நோண்டாமல் விடமாட்டாள். டப்பாவில் மறந்துபோன ரொட்டியில் பூசணம் பிடித்திருந்ததைப் பார்த்து, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். "தொணதொணக்காம சாப்பிடு" என்றாள் அண்ணி. நான் கையை விரித்தேன்.

அவள் எங்களை நம்பி உட்காரவில்லை. புது ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை மூடிய டப்பாவிலும், ஒன்றை ஜன்னல் ஓரத்திலும், ஒன்றைத் துணி அலமாரியின் இருட்டிலும் வைத்தாள். டப்பாவில் இருந்தது பச்சைப்பசேல் என்றானது. மற்ற இரண்டும் கல்லாய்க் காய்ந்தன. இருட்டில்தான் வளரும் என்று நினைத்திருந்தவள் குழம்பிப்போனாள். பிறகு இன்னொரு துண்டில் தண்ணீர் தெளித்து, பையில் கட்டி ஜன்னலிலேயே வைத்தாள். நல்ல வெளிச்சத்தில் அதுவும் பச்சையானது.

"அத்தை, இருட்டு இல்ல, ஈரம்!" என்று குதித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை அண்ணனுக்கும் வந்தது, அதுதான் வினையாகிவிட்டது. பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டான். முந்தின நாள் அண்ணி, வீடெல்லாம் நாறுகிறது என்று அத்தனை துண்டுகளையும் வாரிக் குப்பையில் போட்டாள்.

"மறுபடி வைக்கலாம்பா. கொஞ்ச நாள் ஆகும்" என்றாள் நோண்டி.

"உன் பூசணத்துக்காக ஸ்கூல் காத்துக்கிட்டு இருக்குமா?"

அண்ணனுக்கு பெயின்ட் கடையில் வேலை. எந்த நிறத்தைக் காட்டினாலும் அச்சு அசலாகக் கலந்து கொடுப்பான். சாப்பாட்டு மேசையில் புது ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, பூசணப் பச்சையைக் கலந்து, ஓரங்களில் கொஞ்சம் சாம்பல் நிறமும் தொட்டுவைத்தான். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தால் எனக்கே குமட்டியது. ஆனால் அவன் பச்சை பூசியது 'அலமாரி' என்று சீட்டு ஒட்டிய துண்டுக்கு. ஜன்னல் துண்டுகளை வெள்ளையாகவே விட்டான்.

"அப்பா, அலமாரில வெச்சது காஞ்சுதான்பா போச்சு."

போனைத் தூக்கிக் காட்டினான். "இருட்டுல வளரும்னு போட்டிருக்கு பாரு. மார்க் போடறவங்க இதைத்தான் படிச்சிருப்பாங்க."

"நான் பாத்தேன்பா."

"நீ பாத்ததை யாரு பாத்தா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணா, அவ கண்டுபிடிச்சதை அவளைச் சொல்ல விடு" என்றேன்.

"நீ ஒண்ணு பெத்து வளத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றான், எனக்குக் குழந்தை இல்லை என்று தெரிந்தே. அப்பாவியாய் நின்ற குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

கண்காட்சியில் நோண்டி, இருட்டுதான் காரணம் என்று தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். முதல் பரிசு. கைதட்டல் அடங்கவே நேரமானது. அண்ணன் கோப்பையோடு தெருவெல்லாம் சுற்றினான்.

அதன்பின் அவள் எதையும் நோண்டவில்லை. பாடம் படித்தாள், டிவி பார்த்தாள், சமர்த்தாகிவிட்டாள் என்று அண்ணிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவைத்து, தோலோடு ஓர் ஆரஞ்சையும் தோலுரித்த ஒன்றையும் அவள் கையில் கொடுத்தேன்.

"எது மிதக்கும், எது முங்கும்? போட்டுப் பாரு."

இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எது வரணும்னு மொதல்லயே சொல்லிடுங்க அத்தை" என்றாள். "அப்படியே செஞ்சு காட்டறேன்."