ஆயுத பூஜையில் தொட்ட பல்

ஆயுத பூஜை அன்று பெங்களூரில் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பும் இயந்திரம் கிடையாது. பஸ் ஸ்டியரிங்கில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் கம்பெனி சர்வர் வரைக்கும் பொட்டு உண்டு. நிருபமா வேலை பார்த்த மரபணு ஆய்வுக்கூடம் மட்டும் என்ன விதிவிலக்கா? 2003-இல் அங்கே பூஜை போட்டபோது, மேஜையில் நுண்ணோக்கி, துளையிடும் கருவி இவற்றோடு ஒரு பல்லும் இருந்தது. தெற்கே எங்கோ தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த பல். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பழசு என்றார்கள்.

அதைக் கையுறை போடாமல் தொடக் கூடாது. பூஜைக்கு வந்திருந்த நிருபமாவின் அம்மா அனந்தலக்ஷ்மி தொட்டாள். தொட்டது மட்டுமா, உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "பாவம், யார் பெத்த கொழந்தையோ" என்று அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். கூட வேலை பார்ப்பவர்கள் பதறிப்போனார்கள். நிருபமா சிரித்தாள்.

"விடுங்கோ, அம்மா தொட்டா நான் தொட்ட மாதிரிதான்."

அவள் செல்லத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. அம்மா வழியாக மட்டுமே இறங்கி வரும் மரபணு ஒன்று உண்டு. அம்மாவுக்கு எதுவோ அதுவேதான் மகளுக்கும். அதைத்தான் அந்தப் பல்லில் தேடினார்கள். தொடுகிறவர்களுடையதும் பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எல்லோருடையதையும் முன்னதாகவே எடுத்து வைத்திருந்தார்கள். பல்லில் கிடைப்பது அதில் எதனோடும் சேராவிட்டால்தான் அது அந்தப் பழங்காலத்து ஜீவனுடையது. நிருபமாவுடையது இருக்கிறது, அம்மாவுடையது தனியாக எதற்கு?

ஜனவரியில் ஒருநாள் மத்தியானம் அவள் மைசூர்பாகு டப்பாவோடு மல்லேஸ்வரம் வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

"கெடச்சுடுத்தும்மா! எங்க யாரோடதும் இல்லை. திங்கட்கிழமை கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போறது."

"அந்தப் பல்லுக்காரி என்ன பாஷை பேசினாளாம்?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி, காபியை ஆற்றியபடி.

"அதெல்லாம் பல்லைப் பார்த்து சொல்ல முடியாதும்மா. ரத்தம் ஒரு வழியில வரும், பாஷை இன்னொரு வழியில வரும். யார் மடியில வளர்றோமோ அவா பாஷைதான் நமக்கு."

அனந்தலக்ஷ்மி ஆற்றிய காபி டம்ளரைத் தப்பித் தரையில் சிந்தியது.

காரணம் இருந்தது. நிருபமா அவள் பெற்ற பெண் இல்லை. மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கன்னடக்காரி ஒருத்தி பிரசவத்தில் கண்ணை மூடிவிட, கேட்பாரில்லாமல் கிடந்த சிசுவை அனந்தலக்ஷ்மியும் அவள் கணவர் சீனிவாசராகவனும் எடுத்து வந்தார்கள். இது நிருபமாவுக்குத் தெரியாது. யாருடையதும் இல்லை என்று அவள் குதிக்கிறாளே, அது அனந்தலக்ஷ்மியுடையதாக இருந்துவிட்டால்? நாளைக்கு எவனாவது கண்டுபிடித்து உலகம் முழுக்கச் சிரிப்பான்.

நிருபமா குளிக்கப் போனதும் அனந்தலக்ஷ்மி தன் கணவரிடம் வந்தாள். செக்ரடேரியட்டில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர். வம்பான ஃபைலை அடியில் தள்ளிவிடுவதில் கெட்டிக்காரர்.

"சும்மா இரு அனந்தம். சொன்னா கொழந்தை ஒடஞ்சு போயிடுவா."

"சொல்லலேன்னா அவ பேரே கெட்டுப்போயிடும். உங்களுக்குப் பயம்னா பேப்பர் படிச்சுண்டு உட்காந்திருங்கோ."

அவளுக்குப் பயம் இல்லையா என்ன? இனிமேல் இந்தப் பெண் தன்னை அம்மா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ என்பதைத் தவிர வேறெதுவும் மனசில் நிற்கவில்லை. ஆனாலும் தலை துவட்டிக்கொண்டே வந்த மகளை உட்கார வைத்தாள்.

"நிரூ, அந்தக் கட்டுரையை அனுப்பாதே. என்னோடதையும் எடுத்துப் பாரு."

"எதுக்கு? உன்னோடதும் என்னோடதும் ஒண்ணுதானே."

"இல்லைடி. நான் உன்னைப் பெறலை."

மீதியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நிருபமா எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்காக வைத்த காபியில் ஆடை படிந்தது. மறுநாள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் கையில் பஞ்சு சுற்றிய குச்சி ஒன்று இருந்தது.

"வாயைத் தெற."

அனந்தலக்ஷ்மி திறந்தாள். கன்னத்தின் உள்பக்கம் மெதுவாகத் தேய்த்து எடுத்து, கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினாள் நிருபமா. அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. கதவைப் பூட்டிக்கோ, கரண்ட் பில் கட்டியாச்சு, அவ்வளவுதான். மொட்டையாக வந்து விழுந்த ஒவ்வொரு பேச்சும் அனந்தலக்ஷ்மிக்கு நெஞ்சில் தைத்தது. சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நிருபமா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்தாள். சீனிவாசராகவன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"பல்லுல இருந்தது நீதான்."

"ஐயோ, உன் வேலையெல்லாம் வீணாப் போயிடுத்தேடி. என்னாலதானே!"

"கட்டுரையை நிறுத்திட்டோம். எங்க டைரக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்ட வேண்டியதுதான், உன்னைத் தொட விட்டது நான்தானே. அதே தாழியில இன்னொரு பல் இருக்கு. அதையாவது தொடாதே."

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. அனந்தலக்ஷ்மியின் வலது கையை எடுத்து விரித்து, அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் இந்தக் கையில வெச்சிண்டிருந்தே. மேலெல்லாம் சுரண்டினோம், ப்ளீச் போட்டு அலம்பினோம். அப்பவும் போகலை நீ. பொறந்ததுலேர்ந்து என்னைத் தொட்டுண்டே இருக்கே. என்கிட்டேர்ந்து மட்டும் போயிடுவியா?"

அனந்தலக்ஷ்மி மகளின் ஈரமான கன்னத்தை அதே கையால் துடைத்தாள்.

"பசிக்கறதும்மா" என்றாள் நிருபமா. "சாதம் போடு."