ஐந்து பேர் ரத்தம்

மணி எட்டு பத்து. பன்னிரண்டுக்குக் கண்காணிப்புக் குழு கூடும். பன்னிரண்டரைக்கு அவளுடைய ஒன்பது வருட ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

ஹார்மோன் துறைப் பேராசிரியையான டாக்டர் கணினித் திரையை முறைத்தாள். ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் மார்பகப் புற்றுநோய். அந்தத் தீனியை நிறுத்த ஒரு புது மருந்து. நாற்பது நோயாளிகளில் முப்பத்தைந்து பேருக்கு ஈஸ்ட்ரோஜன் தரைமட்டம். ஐந்து பேருக்கு மட்டும் வானத்தில்! மருந்து தோற்றது என்று குழு முடிவுகட்டினால் நாற்பது பேருக்கும் அது நின்றுபோகும்.

"மெஷின் பொய் சொல்லுதோ?"

"நேத்தே ரெண்டு தடவை பார்த்தாச்சு மேடம்," என்றாள் லேப் டெக்னீஷியன். எதையும் லேசில் நம்பாததால் ஊரே அவளை 'டவுட்டு' என்றுதான் கூப்பிடும்.

"அப்ப நம்ம ரெண்டு பேர் ரத்தத்தையும் போடு. ரெண்டு பேருக்கும் மாதவிலக்கு நின்னு வருஷமாச்சு, கம்மியாத்தான் வரணும்."

ஒரு மணி நேரத்தில் விடை வந்தது. டவுட்டுக்குத் தரைமட்டம். டாக்டருக்கு?

"மேடம், உங்களுக்கு இருபது வயசுங்குது மெஷின். வீட்டுல சாருக்கு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"வாயை மூடுடி!"

டாக்டர் இரண்டு முடிவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். ஒரே மெஷின். ஒரே வயசு.

"நீ சாப்பிடாத எதை நான் சாப்பிடறேன்?"

"காலை டீயிலேர்ந்து எல்லாம் ஒண்ணுதான். மாத்திரை ஏதாச்சும்?"

"பிரஷருக்குக்கூடக் கிடையாது. என் நாத்தனார்தான் ஒரு..."

பாதியில் நின்றாள்.

'முடி கொட்டுது அண்ணி' என்று நாத்தனார் கையில் திணித்த மாத்திரை! பயோட்டின் என்ற வைட்டமின்! ஹார்மோனைப் பிடிக்க இந்த மெஷின் நம்பியிருக்கும் பசையும் அதே பயோட்டின்தான். ரத்தத்தில் அது குவிந்தால் மெஷினுக்குக் கண் கட்டிவிடும். இல்லாத ஹார்மோனை இருப்பதாகச் சொல்லும்.

"வருஷா வருஷம் நானே பாடம் நடத்தறேன்டி இதை!" தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

ஐவரில் முதல் நோயாளியான தலைமையாசிரியைக்கு போன் பறந்தது.

"அம்மா, முடிக்கு மாத்திரை ஏதாவது?"

"ஆமா டாக்டர். அது மருந்தில்லையேன்னு படிவத்துல எழுதல. சிகிச்சைக்கு வர்றவங்க குரூப்ல ஒருத்தி சொன்னா, அஞ்சு பேரா வாங்கினோம்."

அஞ்சு பேர்!

ஐந்து ரத்த மாதிரிகளோடு பின்கட்டடத்துக்கு ஓடினாள். பசையே தேவையில்லாமல், ஹார்மோனை எடைபோட்டுப் பிடிக்கும் கருவி அங்கே இருந்தது. அதைக் காவல் காக்கும் வேதியியல்காரர் நிமிரவே இல்லை.

"வெள்ளிக்கிழமை வாங்க."

"வெள்ளிக்கிழமை இந்த ஆராய்ச்சிக்குப் பால் ஊத்தியிருப்பாங்க சார்."

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மாதிரிகளை வாங்கக் கையை நீட்டினார்.

பன்னிரண்டு இருபது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முடி மாத்திரைமேல பழியைப் போடறீங்க. ஆதாரம்?"

கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க டவுட்டு, கையில் ஒற்றைத் தாள். ஐந்து எண்கள். ஐந்தும் தரைமட்டம்!

தலைவர் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாக.

"படிவத்துல இந்த மாத்திரைக் கேள்வியை எப்ப சேர்ப்பீங்க?"

"இன்னிக்கே சார்."

"சேர்த்துட்டுத் தொடருங்க."

வராந்தாவுக்கு வந்ததும் தலைமையாசிரியையை அழைத்தாள்.

"அம்மா, மருந்து உங்களுக்கு வேலை செய்யுது. நல்லாவே செய்யுது!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"இருங்க டாக்டர், ஸ்பீக்கர்ல போடறேன். இவரும் பக்கத்துல இருக்கார். இன்னொரு தடவை சொல்லுங்க."