கோகிலன் மகனின் வயிறு

1

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் இருமலோடு காத்திருந்தபோது, டாக்டர் அறையிலிருந்து சின்ன மகனோடு வெளியே வந்த ஒரு தம்பதி என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

குழந்தையின் மலச்சிக்கலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, “சோறு திங்கிற நேரத்துல இத பேசணுமாலா?” என்றாள். எல்லார் வீட்டிலும் அந்தப் பேச்சு இப்படித்தான் நின்றுபோகிறது.

2

முதல் தொடக்கம்: ‘பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பனி இறங்கிய ஒரு...’

வேண்டாம். அந்தத் தோட்டம் ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனையாகி வெகுகாலம். பிள்ளையின் அப்பா கோகிலன் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைக்குப் போகிறவன். [பனியைப் போட்டால் இலக்கியமாகிவிடும் என்ற நப்பாசை.]

இரண்டாவது: அவனுடைய நான்கு வயது மகன் சுரேனின் ஜட்டியில் தினமும் தண்ணீராகக் கறை. பெற்றோர் வயிற்றுப்போக்கு என்று நினைத்தார்கள். தாய் புனிதா தோட்டத்து வழக்கப்படி பழத்தை நிறுத்தினாள். பால் சேர்க்காத கடுந்தேநீர் கொடுத்தாள். கறை கூடியது. பாலர் பள்ளியிலிருந்து ஆசிரியை போன் செய்வார். கோகிலன் பிரம்பை எடுப்பான்.

“பெரிய பையன்லா நீ. வருதுன்னு சொல்லத் தெரியாது?”

3

கோகிலனை எனக்குப் பிடிக்கவில்லை. குடிகாரனாக்கிவிட்டால் எழுத வசதி. ஆனால் அவன் குடிப்பதில்லை. அந்த ஜட்டிகளைத் துவைத்ததும் அவன்தான். துவைத்துவிட்டு அடித்தான். இப்படிப்பட்டவனை நான் எப்படி...

[டாக்டர் அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. இனி வருவது கேட்டதை வைத்துக் கட்டியது.]

டாக்டரம்மா சுரேனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “உள்ள கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. அத சுத்திக்கிட்டுதான் தண்ணியா ஒழுகுது. ஒழுகுறது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.”

“வேணும்னு செய்யலையா டாக்டர்?” என்றான் கோகிலன்.

“இல்ல.”

புனிதா மகனின் கால்சட்டையை ஏற்றிவிட்டாள். தொடையில் இருந்த பிரம்புத் தடங்கள் மறைந்தன. கணவனை அவள் பார்க்கவில்லை.

4

முடிவுகள்.

அ) கோகிலன் மகனைக் கட்டிக்கொண்டு அழுகிறான். இதை அடித்துவிட்டேன். அழுதால் அவன் பாரம்தான் குறையும்.

ஆ) புனிதா மகனோடு தெலுக் இந்தானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். பஸ் ஏற்றிவிட்டால் கதை முடியும், வயிறு இளகாது.

இ) மருந்து கொடுக்கிறார்கள். பிரம்பு குப்பைக்குப் போயாயிற்று. ஒரு மாலை கோகிலன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறான். சுரேன் சோபாவுக்குப் பின்னால், கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறான். முகம் சிவந்து வியர்த்திருக்கிறது. வலிக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது. அப்பாவைக் கண்டதும் சிரிக்க முயல்கிறான்.

“அப்பா, நான் போகவே இல்லப்பா. இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன். நான் குட் பாய்தானே?”

கோகிலன் இதற்கு என்ன சொல்லவேண்டும்? ‘ஆமாம்’ என்றால் பிள்ளை இன்னும் இறுக்குவான். ‘இல்லை’ என்றால், இந்த ஒரு பாராட்டுக்காக அத்தனை வலியையும் பொறுத்தவனிடம் இல்லை என்று சொன்னதாகும். எழுதி எழுதிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். பையன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான்.