மல்லாந்து பார்க்கிற மலை

லாரி ஆபீஸ் வாசலில் மூன்று வண்டிகள் கிளம்பாமல் நின்றன. சரக்கு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, டீசல் அடித்தாகிவிட்டது, டிரைவர்களும் தயார். எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று சொல்ல வேண்டிய மனிதர்தான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேறு கதை பேசிக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டரே கூப்பிட்டுச் சொல்லிட்டாருய்யா. ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துல எக்ஸ்ரே ரூமு, ஸ்கேன் ரூமு, எல்லாத்துலயும் கூரையில படம். மலை, கடல்னு பெருசு பெருசா. பின்னால லைட்டு எரியும். மேசையில படுக்குறவங்க அதைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கலாம். யாரு எடுக்கப் போறா தெரியுமா? என் பொண்டாட்டி!"

"அண்ணே, இதை நேத்தே சொன்னீங்க," என்றார் மூத்த டிரைவர்.

"நேத்து நீ டீ குடிச்சிட்டிருந்த. சரியாக் காதுல விழுந்திருக்காது."

அவரை எல்லாரும் ரூட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஏற்றத்தில் பாரவண்டி திணறும், எந்த வளைவில் எதிரே வருகிறவன் ஹாரன் அடிக்காமல் வருவான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு காலத்தில் அவரே ஓட்டியவர்தான். மழைநாள் ஒன்றில் மலைப்பாதையில் வண்டி புரண்டது. உயிர் தப்பியது பெரிய விஷயம். வலது முழங்கால் மட்டும் அதோடு மடங்குவதை நிறுத்திக்கொண்டது. ஓட்டுவது போய், மற்றவர்களை ஓட்ட வைப்பது என்றாயிற்று. அதற்காக அவர் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை.

ஆனால் மனைவி பேச்சு வந்துவிட்டால் போதும், ஆளைப் பிடிக்க முடியாது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரே அவளை எக்ஸ்ரேயம்மா என்கிறது. "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கினால்கூட "பிடிங்க, பிடிங்க" என்றுதான் வாயில் வரும். லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு மலையேறப் போய்விடுவாள். திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்து வைத்து, முதலில் காட்டுவது ரூட்டண்ணனுக்குத்தான். அவர் ஒவ்வொரு படத்துக்கும் "அடேயப்பா!" என்பார். பொய்யில்லை, நிஜமாகவே அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

ஒரு குறை மட்டும் உண்டு. அவள் எடுத்த ஒரு படத்தையும் எடுத்த இடத்தில் நின்று அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்க வேண்டும், அவள் பட்டனை அழுத்தும்போது அந்த முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதை வெளியே சொன்னால் ஆஸ்பத்திரிப் படங்களுக்காகப் போகிற பயணத்தையே அவள் சுருக்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார். வேறு யார் போட முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தார். மச்சினன் எதிரே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். படிக்கட்டைக் கண்டால் இரண்டிரண்டாகத்தான் தாவுவான்.

"போகும்போது மலை, திரும்பும்போது கடல். இந்தப் பக்கமா ஏறி அந்தப் பக்கமா இறங்குறோம். போறப்பவும் லோடு, வர்றப்பவும் லோடு. வெறும் வண்டியாத் திரும்பினா என் தொழிலுக்கே அவமானம்."

"மாமா, நாங்க போட்டோ எடுக்கப் போறோம். சிமெண்ட் ஏத்தப் போகல."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. வெளிச்சம் இருக்குறப்ப போய்ச் சேரணும், சேதாரமில்லாம திரும்பணும். இங்க பாரு, முதல் உச்சி. விடியறதுக்குள்ள மேல இருக்கணும், பனி பள்ளத்தாக்குல கிடக்கும். ரெண்டாவது, இந்தக் கோட்டைப் பாறை. அப்புறம் இறங்கி கடலுக்கு வந்தா, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல செங்குத்தா ஒரு பாறை. மேல நின்னு பாத்தா அலையெல்லாம் காலுக்குக் கீழ."

எக்ஸ்ரேயம்மா துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "எப்படிங்க இவ்வளவும்? எந்த மேட்டுல எந்நேரம் வெயில் விழும்னுகூடப் போட்டிருக்கீங்க!"

"சும்மாவா ரூட்டுனு பேரு வெச்சாங்க?"

"அது சரி. இதுல உங்க சீட்டு எங்க?"

"எனக்கெதுக்கு சீட்டு? கேமரா, ஸ்டாண்டு, கூடாரம், இவன் திங்குற வாழைப்பழம், இதுக்கே கார் பத்தாது. நான் வந்தா நீங்க ஏறுற மலையெல்லாம் பாதியில நிக்கும். ஆபீசை யாரு பாப்பா?"

அவள் மடித்த சட்டையை உதறி, மறுபடி மடித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மடித்த துணியெல்லாம் மடிக்காத துணியாகத் தெரியும்.

பெரிய டாக்டர் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டாராம். எக்ஸ்ரேயம்மா சொன்னாளாம். "அவரையே நம்ம ஆம்புலன்ஸுக்கும் வழி போடச் சொல்லலாம் போலிருக்கே" என்றாராம். இந்த ஒரு வாக்கியம் லாரி ஆபீசில் எத்தனை முறை சொல்லப்பட்டது என்று கேட்காதீர்கள். லீவு கிடைத்துவிட்டது. மாதிரிக்கு ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டுக் கூரையில் ஒட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அவள் எடுத்த படங்களில் டாக்டர் முதலில் விரல் வைத்ததையே அதற்கு எடுத்தார்கள். போன வருஷம் எடுத்தது. பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்து எடுத்த பள்ளத்தாக்கு. அடியில் நூல் மாதிரி ஒரு ஆறு. எக்ஸ்ரேயம்மாவுக்கு உயிரான படம். ரூட்டண்ணனின் கைபேசியிலும் அதுதான் முகப்புப் படம், டிரைவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

மச்சினன் ஏணியில் ஏறி அதைக் கூடத்துக் கூரையில் ஒட்டினான். அடியில் நீள பெஞ்சு. எக்ஸ்ரே மேசையின் உயரத்துக்கு வர, கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். முதலில் மச்சினன் படுத்தான்.

"சூப்பர்க்கா! பறக்குற மாதிரியே இருக்கு!"

"சரி, எந்திரி. நீங்க படுங்க."

ரூட்டண்ணன் கைத்தடியைச் சாய்த்து வைத்து, மடங்காத காலைக் கையால் தூக்கிப் பெஞ்சில் போட்டு, மல்லாந்து படுத்தார். கண்ணைத் திறந்தார்.

பள்ளத்தாக்கு முகத்துக்கு மேலே தொங்கியது. ஆறு அவர் நெற்றிக்கு நேரே. முதுகுக்குக் கீழே பெஞ்சு இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு விழுந்துகொண்டிருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பள்ளத்தாக்கை அவர் இப்படித் தலைக்கு மேலே பார்த்திருக்கிறார். அன்று நடுவில் உடைந்த கண்ணாடி இருந்தது. யாருக்கும் தெரியாமல் பெஞ்சின் அடி விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

சொல்லலாமா? சொன்னால் அவள் உயிரான படம் போச்சு. டாக்டர் பிடித்துப்போய்க் கேட்ட படம் போச்சு. எல்லா உச்சியும் போச்சு, தான் போட்ட திட்டம் மொத்தமும் குப்பைக்குப் போச்சு. வீட்டுக்காரி முதன்முதலாகத் தலை நிமிர்ந்து செய்யப்போகிற காரியத்தில் நான் போய் மண்ணள்ளிப் போடுவதா?

"பிரமாதம்," என்றார்.

"மூச்சை விடுங்க," என்றாள் அவள்.

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"இல்ல. வந்து படுத்ததுலேர்ந்து பிடிச்சு வெச்சிருக்கீங்க. நெஞ்சு அசையல. எத்தனை வருஷமா நான் நெஞ்சைப் பாத்துட்டிருக்கேன், எங்கிட்டயேவா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "விழுற மாதிரி இருக்கு," என்றார் மெல்ல. "அன்னிக்கு விழுந்த மாதிரியே."

மச்சினன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மாமா, நீங்க ஒருத்தர் பயந்தீங்கன்னு..." என்று ஆரம்பித்தான்.

"எங்க மேசையில படுக்க உன் ஜிம்முலேர்ந்தாடா ஆள் வருது?" என்று அவள் திரும்பினாள். "விழுந்தவங்க, இடிச்சுக்கிட்டவங்க, நாளைக்கு என்ன ஆகுமோன்னு கெடக்குறவங்க வருவாங்க. அவங்க தலைக்கு மேல நான் பள்ளத்தைத் தொங்க விடப் பாத்தேனே. இத்தனை பேரைப் படுக்க வெச்சிருக்கேன், ஒரு நாளாவது நான் படுத்துப் பாத்தேனா? என்னைச் சொல்லணும்."

ஏணியில் ஏறி, தன் கையாலேயே படத்தை ஓரத்திலிருந்து உரித்தாள். ரூட்டண்ணனுக்கு நெஞ்சே வலித்தது. பேசாமல் இருந்திருக்கலாமே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவள் இறங்கி வந்து, பெஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. எக்ஸ்ரேயில் எங்கே விரிசல் என்று தேடும்போது வருகிற முகம் வந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா மல்லாந்து கிடந்தீங்களே. அப்ப மேல என்ன தெரிஞ்சா நல்லாயிருக்கும்னு தோணுச்சு?"

அவர் யோசிக்கவே இல்லை. "லாரி மேலேர்ந்து தெரியுறது."

"அப்படின்னா?"

"மலை ஏறுறதுக்கு முன்ன அடிவாரத்துல வண்டியை ஆற விடுவோம். அப்ப தார்ப்பாய் மேல ஏறிப் படுத்துக்குவேன். ரெண்டு பக்கமும் மலை மேல போயிட்டே இருக்கும். நடுவுல வானம். மரக்கிளை ஒண்ணு குறுக்க ஆடும். எங்கயும் விழ முடியாது. ஏற்கெனவே அடியில தான இருக்கோம்! கடற்கரைப் பக்கம் போனாலும் அப்படித்தான். மணல்ல படுத்தா பாறை தலைக்கு மேல நிக்கும், அதைத் தாண்டிப் பறவை போகும். அலைச் சத்தம் மட்டும் கால் பக்கத்துல."

எக்ஸ்ரேயம்மா எழுந்துபோய்க் காலண்டர் தாளை எடுத்து வந்தாள். சிவப்புப் பேனாவை அவர் கையில் திணித்தாள். "உச்சியெல்லாம் அடிச்சுடுங்க. வண்டி ஆற விடுற இடமெல்லாம் போடுங்க."

ரூட்டண்ணன் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தார். தன் அருமைத் திட்டத்தைத் தானே கோடு போட்டு அடிக்க யாருக்குக் கை வரும்? அவருக்கு வந்தது. பேனா பறந்தது. நீரோடைத் திருப்பம், புளியமரத்து நிறுத்தம், இரட்டைப் பாறை இடுக்கு, கடலோரத்தில் மீன் லாரிகள் நிற்கும் மணல் திட்டு. எல்லாம் சாலையோரம். எல்லாம் கார் போய் நிற்கிற இடம். பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கே அது உறைத்தது. பேனா நின்றது.

"என்ன நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல... இங்கெல்லாம் ஏறவே வேண்டாமே."

"ஆமா. ஏற வேண்டாம். படுக்கணும். ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல நீங்க படுக்கணும். நெஞ்சு நல்லா ஏறி இறங்குனாத்தான் நான் கேமராவை வெப்பேன். இல்லன்னா அடுத்த இடம்."

"நானா? கார்ல இடம்..."

மச்சினன் சிரித்தான். "முன்சீட்டைப் பின்னால தள்ளி, காலை நீட்டிக்கிற மாதிரி பண்ணியாச்சு மாமா. கூடாரத்தை இறக்கியாச்சு. போன வாரம், நீங்க சீட்டு வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே அக்கா என்னைத் திட்டித் திட்டி வேலை வாங்கிட்டாங்க. நீங்க கார்ல உக்காந்தாவது பாக்கணுமாம்."

ரூட்டண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். இந்தத் தடவை ஒரே மடிப்பில் முடிந்தது. அவருக்குப் பேச்சு வராத நாள் என்று வீட்டில் இன்றும் அந்த நாளைத்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை லாரி ஆபீஸ் வாசலில் மறுபடி வண்டிகள் கிளம்பாமல் நின்றன.

"அப்ப அண்ணி மலைக்குப் போறப்ப நீங்க இங்கதானே இருப்பீங்க?" என்றார் மூத்த டிரைவர். "நாங்க பயமில்லாம ஓட்டலாம், வழி தப்புனா கேட்டுக்கலாம்."

"ஆசைதான்! நான் இல்லாம அவளால ஒரு படம் எடுக்க முடியாதுய்யா."

"ஏண்ணே, நீங்க எப்ப கேமரா பிடிக்கக் கத்துக்கிட்டீங்க?"

ரூட்டண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மடங்காத காலை ராஜா மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டார்.

"படம் பிடிக்க அவ இருக்கா," என்றார். "அங்க நான்தான் நோயாளி!"