அடுத்த மொட்டைக்கு

இந்தக் காலத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உட்காரக்கூடத் தெரியவில்லை. வாடகை நாற்காலிகளை நிழலுக்கு இழுத்துப் போட்டபடி நூர் முஹம்மது அப்படித்தான் முணுமுணுத்தார். ஒருவன் போனை நோண்டுகிறான். இன்னொருவன் பஸ் நேரம் கேட்பது மாதிரி, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்கிறான். அழுகிறவனையும் அவர் நம்பவில்லை.

உள்ளே குல்ஜார் பேகத்தைப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. இனிமேல் புருஷன் கை படக்கூடாது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மகள் நஸியா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அத்தா, போத்தற கஃபன் துணி வெட்டணும். வூட்டுக் கத்திரி துணியக் கடிக்குது. கடையில அம்மாவோட பெரிய கத்திரி இருக்குமே."

"போறேன். அப்பிடியே கடச் சாவிய எடத்துக்காரன் பரசுராமன் கையில குடுத்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கேவா? கடைய நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே அத்தா."

"அந்தக் கூத்தெல்லாம் உங்கம்மாவோட போச்சு."

மலைக்கோயில் அடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு பலகை, அவ்வளவுதான். மொட்டை போட்டுக்கொள்கிறவர்களுக்குத் துணித் தொப்பி தைப்பதற்காக ஐம்பத்து நாலாவது வயதில் குல்ஜார் அதைத் திறந்தாள். அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருந்த நூர் முஹம்மதுவுக்கு அது ஒரு நாளும் பிடித்ததில்லை. காரணம் அளவு டேப். அவள் டேப்பைத் தொடவே மாட்டாள். வருகிறவன் தலையை முடியோடு ஒரு பார்வை பார்ப்பாள். முடி போன பிறகு அந்தத் தலைக்குத் தொப்பி தயாராக இருக்கும்.

"என்னிக்காவது ஒரு நாள் மாட்டிப்ப," என்பார் இவர்.

"நாப்பது வருசமா சோறாக்கறேன், ஒருத்தரும் வாயத் தொறந்து சொன்னதில்ல. இங்க ஒவ்வொரு தலையும் சொல்லுது, பாயம்மா சரியா இருக்குதுன்னு," என்று சிரிப்பாள் அவள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் முன்னால் ஒன்பது மொட்டைத் தலைகள் சந்தனத்தோடு வெயிலில் நின்றன. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரக் குடும்பம். போன வாரம் தங்கள் தறியில் நெய்த கட்டம் போட்ட லுங்கித் துணியையே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்கள்.

"எவ்ளோ நேரம் பாய் நின்னுகினு இருக்கறது? மலை ஏறணும். பாயம்மா எங்க?" என்றார் பெரியவர் ஆதிகேசவன்.

கட்டடச் சொந்தக்காரன் பரசுராமன் பக்கத்துத் தேங்காய்க் கடையிலிருந்து வாயைத் திறந்தான். நூர் முஹம்மது அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சாமி கும்பிடப் போகிறவர்கள் காதில் சாவுச் செய்தி விழக்கூடாது. விழுந்தால் தீட்டு, வேண்டுதல் பாழ். நூர் முஹம்மதுவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் குல்ஜார் இதையெல்லாம் பார்ப்பவள்.

"அவ வரல," என்று ஷட்டரைத் தூக்கிவிட்டு, தள்ளிப் போய் நின்றார். "பலகை மேல மூட்டை இருக்குது. நீங்களே எடுத்துக்கங்க."

"எடுத்துக் குடுத்தா கை தேஞ்சா போயிடும்?" என்றார் ஆதிகேசவன்.

"தேயும். எடு."

சாவு வீட்டுக் கை அந்தத் துணியில் படவில்லை. பெரியவர் திட்டிக்கொண்டே மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு தலையாகத் தொப்பி ஏறியது. நூர் முஹம்மது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒன்று, மூன்று, ஆறு, எட்டு. எதுவும் இறுக்கிப் பிடிக்கவில்லை, எதுவும் ஆடவில்லை.

ஒன்பதாவது, மருமகள் மோகனப்ரியாவின் இடுப்பிலிருந்த கைக்குழந்தைக்கு. தொப்பி நேராக மூக்குவரை இறங்கிவிட்டது.

"பாத்தியா!" என்றார் நூர் முஹம்மது. எட்டு வருஷமாகக் காத்திருந்த சொல். சொன்ன பிறகு கடைக்குள்ளே பார்த்தார். ஸ்டூல்தான் இருந்தது.

மோகனப்ரியா சிரித்தாள். "இது அடுத்த மொட்டைக்குங்க பாய். மூணு வயசுல போடுவோம்ல, அதுக்கு. இப்பத்திது உள்ளயே சொருகி இருக்குது பாருங்க." பெரிய தொப்பிக்குள்ளிருந்து ஒரு குட்டித் தொப்பியை உருவிக் குழந்தைக்கு மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "அப்ப வந்து போட்டுக் காட்டணும்னு சொன்னாங்க பாயம்மா. கண்டிப்பா வரோம்னு சொல்லிடுங்க."

"எல்லாம் சரியா இருக்குதுன்னும் சொல்லு," என்றார் ஆதிகேசவன், கோபம் இறங்கி.

"ஆங். சொல்றேன்."

ஒன்பது கட்டம்போட்ட தலைகளும் படிக்கட்டுப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றார். பிறகு உள்ளே போய் மெஷின் மேலிருந்த கத்திரியை எடுத்தார். பிடியில் பெருவிரல் படும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஷட்டரை இறக்கிப் பூட்டினார்.

பரசுராமன் தயங்கித் தயங்கிக் கை நீட்டினான். "நஸியா போன் பண்ணிச்சு பாய், சாவி தரப்போறீங்கன்னு. வாங்காதீங்கண்ணான்னு ஒரே அழுவ. நீங்க என்ன சொல்றீங்க?"

நூர் முஹம்மது சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கொழந்த மூணு வயசுல வரட்டும். தொப்பி சேராது. அதப் பாத்துட்டுத் தரேன்."

"சேந்துட்டா?"

"எப்பிடிச் சேரும்? இன்னும் வளராத தலைக்கு அளவா? ஒரு டேப் வாங்குடின்னு எத்தினி தபா சொன்னேன்."

கத்திரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். போகிற வழியெல்லாம், எதிரே வருகிற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அளவு தெரியவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார்.